நான்கு மஞ்சள் கேள்விக்குறிகள்

போர்ட் சயீதில் என்னைவிடக் கெட்டிக்கார கம்ப்யூட்டர் மெக்கானிக்குகள் பத்துப் பேராவது இருப்பார்கள். சஃப்வத்தைவிடப் பெரிய வாயாடி ஒருத்தனும் கிடையாது. பதினெட்டு வருஷம் ஒரே கடை, ஒரே மேஜை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஸ்க்ரூ கழற்றும்போதும் பாட்டு, ஸ்க்ரூ தொலைந்துபோனாலும் பாட்டு. தூக்கத்திலும் பேசுவான் என்று அவன் மனைவி சனா சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் இவன் வாயை யாராவது அடைத்தால் தேவலை என்று நான் நினைக்காத நாளே இல்லை.

அந்த வருஷம் ரமலான் ஜூலையில் வந்தது. நோன்பு ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம், போதாததற்குத் தினமும் கரண்ட் கட். கால்வாய்க்கரைப் பக்கம் மர வராந்தாக்களோடு சாய்ந்து நிற்கும் பழைய கட்டடங்களில் ஒன்றில், மூன்றாம் மாடியில், ஒரு கப்பல் ஏஜென்சி இருந்தது. அங்கே பதினொரு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நம்பரோடு எழுதித் தர வேண்டும். அதுதான் வேலை. ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் வெளிச்சமே இல்லை. ஈர மரத்தின் வாடையும், வெகுநாள் முன்பு ஏதோ ஒயர் கருகிய வாடையும் வந்தன. சஃப்வத் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"டேய் லபீப், நோன்பு நாள்ல மூணு மாடி ஏற வச்சவன் நல்லா இருப்பானா? கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்டா."

"உக்காந்தா நீ எந்திரிக்க மாட்ட. ஏறு."

மேலே வாசலில் ஒரு பெண்மணி கையில் தடிமனான நோட்டோடு நின்றிருந்தார். மதாம் இன்ஷிராஹ், சாமான் பொறுப்பாளர். அறுபதைத் தொடப்போகிற வயது. கழுத்தில் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டி, எங்களைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு பன்னெண்டு. மூணுக்கு வரச் சொன்னேன்."

"மதாம், பன்னெண்டு நிமிஷமும் உங்க படிதான் தின்னுச்சு. நாங்க நோன்பு, அதுக்கு நோன்பு இல்ல போல," என்றான் சஃப்வத். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

எங்கள் ஊர் ஆபீஸ்களில் உஹ்தா என்று ஒன்று உண்டு. யார் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறார்களோ, நாற்காலியிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாம் அவர்கள் தலையில். ஓய்வு பெறும்போது நோட்டில் இருப்பதும் கண்ணெதிரே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பல்பு குறைந்தாலும் ஆளை விடமாட்டார்கள். ஒரு பல்பு கூடுதலாக இருந்தாலும் விடமாட்டார்கள். மதாம் இன்ஷிராஹ் ஓய்வு பெற நான்கு நாள்தான் இருந்தது. எங்கள் பட்டியல் சரியாக வந்தால்தான் அவர் வீட்டுக்குப் போக முடியும்.

ஐந்தரை மணிக்குள் பத்துப் பெட்டிகளை முடித்தோம். ஒன்றில் நோட்டில் எழுதிய மெமரி பாதிதான் இருந்தது. ஒன்றில் கரப்பான் குடும்பம் ஒன்று இருந்தது. "இதையும் உஹ்தால ஏத்தணுமா மதாம்? ஆண் எத்தன, பெண் எத்தன?" என்று சஃப்வத் கேட்டான். இன்ஷிராஹ் நோட்டால் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

பதினோராவது பின்னறையில் இருந்தது.

அறையில் ஒரே ஒரு மர ஜன்னல், சாத்தியிருந்தது. கம்ப்யூட்டர் திரை சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. சளி பிடித்தவர் மூச்சு விடுவதைப் போல அதன் ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றியது. பெட்டியின் மேல் மஞ்சளேறிய அட்டையில் ஒரே ஒரு சொல்: அணைக்காதே.

"இதுல யாரு வேல பாக்கறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. ஒரு நாள் காலைல வந்து பாத்தா இருந்துச்சு. வாங்குன பேப்பர் எதுவும் இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஃபிக்ரின்னு ஒரு மெக்கானிக் வந்து இதுல இருக்கறத எழுதிக் கொடுத்தாரு." நோட்டைப் புரட்டிக் காட்டினார். அழகான சின்ன எழுத்து. ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, சவுண்டு கார்டு என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில்: அடையாளம் தெரியாத கருவி, இரண்டு.

இது எங்கள் தொழிலில் சகஜம். பெட்டிக்குள் ஏதோ கார்டு இருக்கும். அது என்னவென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்போது கருவிப் பட்டியலில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி போட்டுவைக்கும். திரையைத் திருப்பிப் பட்டியலைத் திறந்தேன்.

கேள்விக்குறிகள் நான்கு இருந்தன. இரண்டாவதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அப்படியென்றால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"நாலா?" இன்ஷிராஹின் முகம் வெளுத்தது. "ரெண்டுதான நான் கையெழுத்துப் போட்டேன். கூடுதலா ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு? நான் வீட்டுக்குப் போறதா இல்லையா?"

பெட்டியைத் திறந்தோம். உள்ளே இருந்த ஒவ்வொரு கார்டுக்கும் பட்டியலில் பெயரோடு ஒரு வரி இருந்தது. மிச்சமாக எதுவும் இல்லை. இந்த நான்கிற்கும் பொருத்தமாக ஒரு துண்டு ஒயர்கூட இல்லை. சஃப்வத் டார்ச்சோடு மேஜைக்கு அடியில் புகுந்தான். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் ஓடுவதற்காக அங்கே ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. அதன் நம்பர் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றிப் புரட்டிப் பார்ப்பதற்காக, ஃபேன் நின்றுவிடாதபடி கம்ப்யூட்டரின் இரண்டாவது கரண்ட் ஒயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகினான். கணக்கெடுப்பென்றால் எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வோம். பாட்டுப் பாடிக்கொண்டே செய்தான்.

என்னவென்று தெரியாத கருவியைக் கண்டுபிடிக்க எங்கள் கடைத்தெருவில் ஒரு வழி உண்டு. நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள். யார் கத்துகிறானோ அவனுடையது. பிரின்டர்காரன் கத்தினால் பிரின்டர், கேஷியர் கத்தினால் அவனுடைய மெஷின். நான் நான்காவது கேள்விக்குறியின் மேல் மவுஸை வைத்து, நிறுத்து என்று கொடுத்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

பாட்டு நின்றது.

"என்ன நின்னுச்சு? கீழ எந்த லைட்டாவது அணைஞ்சுதா?" என்று கேட்டேன்.

மேஜைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது.

"டேய், விளையாடாத. நேரமாகுது."

குனிந்து பார்த்தேன். சஃப்வத் குந்தியிருந்தான். டார்ச் கையில் எரிந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கண் திறந்திருந்தது.

கண் இமைக்கவில்லை.

அவன் மூக்கிற்குக் கீழே விரலை வைத்தேன். காற்று வரவில்லை. கன்னம் சூடாக இருந்தது, நெற்றியில் ஒரு வியர்வைத் துளி பாதி வழியில் நின்றிருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்து அந்த நான்காவதை மறுபடி ஓடவிட்டேன்.

பாட்டு, நின்ற சொல்லின் நடு எழுத்திலிருந்து தொடர்ந்தது.

"என்னடா பேயடிச்ச மாதிரி நிக்கற?" சஃப்வத் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "சர்க்கர கொறஞ்சு போச்சா? இன்னும் ஒன்றர மணி நேரம்தான். சனா மொலோகியாக் கீரையும் புறாக் கறியும் பண்றா. நீயும் வந்துடு."

எந்தக் கருவி எப்போது பொருத்தப்பட்டது என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு எழுதி வைக்கும். அதைத் திறந்தேன்.

முதல் கேள்விக்குறி: 1979, செப்டம்பர் முதல் தேதி.

"மதாம், இந்தத் தேதி..."

"அது நான் வேலைக்குச் சேந்த நாளாச்சே," என்றார் இன்ஷிராஹ்.

இரண்டாவது, ஆறு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம். ஃபிக்ரி கணக்கெடுக்க வந்த நாள் என்று நோட்டிலேயே இருந்தது. மூன்றாவதும் நான்காவதும் இன்றைய தேதி. மதியம் மூன்று பன்னிரண்டு.

"ஃபிக்ரி இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

இன்ஷிராஹ் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மௌத்தாயிட்டாரு. வேலைய முடிச்சிட்டு இறங்கிப் போனாரு. அந்தத் திருப்பத்துப் படிலேர்ந்து என்னக் கூப்பிட்டாரு. 'மதாம், அந்தத் திரையில நிக்கற கேள்விக்கு மட்டும்'னு சொன்னாரு. அதோட பேச்ச காணோம். போய்ப் பாத்தா படில உக்காந்திருந்தாரு. டாக்டர் வந்து ஹார்ட்டுன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கே அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணிட்டாங்க."

"திரையில என்ன கேள்வி இருந்துச்சு மதாம்?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நிச்சயமாவான்னு கேட்டுது," என்றார் மெதுவாக. "ஆம்னு அமுக்குனாத்தான எல்லாம் மூடிக்கும்? அமுக்குனேன். எப்பவும் அப்படித்தான தம்பி பண்ணுவோம்?"

உண்மைதான். எங்கள் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் கேட்கிற எதையும் யாரும் படிப்பதில்லை. ஆம் என்று அமுக்கிவிட்டு டீயைக் குடிப்பார்கள். மண்ணுக்குள் அந்த மனிதன் எப்படிக் கிடந்திருப்பான், சஃப்வத்தின் நெற்றியில் நின்ற அந்தத் துளியைப் போல நின்ற இடத்தில் நின்றபடியா என்று எனக்குத் தோன்றியது. தோன்றக் கூடாது என்று தலையை உதறினேன்.

நான் சஃப்வத்தின் கையைப் பிடித்தேன். "கெளம்பலாம். எதையும் தொடாத. அல்லா மேல ஆணையா சொல்றேன், நீ செத்துட்டடா. இப்ப, அரை நிமிஷம். நான்தான் நிறுத்துனேன்."

சொல்லியிருக்கக் கூடாது. ஏதாவது பொய் சொல்லி இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அவனைத் தெரிந்தவன் நான்; பயமுறுத்தினால் சிரிப்பான் என்று எனக்குத் தெரியாதா?

"மதாம், இவனுக்கு நோன்பு தலைக்கேறிடுச்சு," என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தான். "எது, இந்தக் கடைசியா? இதுதான் நானா? கேள்விக்குறியாம், அடையாளம் தெரியாதாம்! ஊரே என்னத் தெரிஞ்சு வச்சிருக்கு."

"சஃப்வத், வேணாம்டா."

"நின்னுட்டேன்னா சனாகிட்ட சொல்லு, என் பங்குப் புறாவ நாயிக்குப் போடச் சொல்—"

சிரிப்பு பாதியில் அறுந்தது.

ஜன்னல் இடுக்கில் வெயில் ஆரஞ்சு நிறமாக இருந்தது. நான் மவுஸைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவன் விரலின் சூடு என் விரலில் பட்டது.

அறை இருட்டாக இருந்தது.

கண்ணை மூடித் திறக்கவில்லை. மயங்கி விழவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. ஆனால் ஜன்னல் இடுக்கில் வெயில் இல்லை. தெருவிளக்கு வெளிச்சம் இருந்தது. கீழே பிள்ளைகள் பட்டாசு வெடிக்கும் சத்தம், கடைகளின் இரைச்சல், வறுத்த பூண்டின் வாசனை. நோன்பு திறந்து, சாப்பிட்டு, தெருவுக்கு வந்துவிட்ட ஊரின் சத்தம். என் புறங்கையில் கொசு கடித்து மூன்று இடத்தில் வீங்கியிருந்தது.

"நோன்பு திறக்கற மக்ரிப் பாங்கு சொல்லவே இல்லயே," என்றார் இன்ஷிராஹ் என் பின்னால்.

செல்போனைப் பார்த்தேன். எட்டு ஐந்து. சனாவிடமிருந்து பதினான்கு அழைப்புகள்.

கரண்ட் போயிருக்கிறது. இரண்டு மணி நேரம். பேட்டரிப் பெட்டி தரையில் புரண்டு கிடந்தது. சுவர் பிளக்கில் நேராகச் செருகிய அந்தக் கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது. அது அணைந்திருந்தவரை நாங்களும் நின்றிருக்கிறோம். கரண்ட் வந்ததும் அது தானாக எழுந்தது, நாங்களும் எழுந்தோம்.

"என் மருமக சொல்லுவா," இன்ஷிராஹ் கிசுகிசுத்தார். "சில நாள் அடுப்புக்கு முன்னாடி அப்படியே நிக்கறீங்க அத்தைன்னு. கூப்பிட்டா கேக்கறதில்லன்னு. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். நான் அப்படி நின்னதெல்லாம் இந்தப் பேட்டரி மாத்தற நாளா, தம்பி?"

சஃப்வத் மட்டும் எழவில்லை. அவன்தான் தன்னை நிறுத்திக்கொண்டவன். சிரிப்பு வாயில் இருந்தது, சத்தம் இல்லை.

செல்போன் மறுபடி அடித்தது. சனா. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வேன்? அவள் அண்ணன்மார்களோடு வருவாள். டாக்டர் வருவார், மணிக்கட்டைப் பிடிப்பார், உதட்டைப் பிதுக்குவார். எங்கள் ஊரில் செத்தவர் மய்யித்தை நாள் கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. நாளை மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் சஃப்வத்தை, இந்தச் சிரித்த வாயோடு, சூடு ஆறாத உடம்போடு மண்ணில் வைத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வேலை. நான்காவதை ஓடவிட வேண்டும். அவ்வளவுதானே?

பட்டியலைத் திறந்தேன்.

நான்கு கேள்விக்குறிகளும் இருந்தன. இரண்டின் மேல் சிவப்புக் குறி. ஆனால் வரிசை கலைந்திருந்தது. சிவப்புக் குறி போட்டவை இரண்டும் கடைசியில் அடுத்தடுத்து இருந்தன. தேதியைப் பார்த்தால் தெரியும் என்று பதிவைத் திறந்தேன். நான்கிற்கும் ஒரே தேதி: 2002, ஜனவரி முதல் தேதி, நள்ளிரவு. மதர்போர்டில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள. இதில் அது எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டருக்குக் காலம் மறந்துவிட்டது. எழுந்ததும் எங்கள் நால்வரையும் அன்றைக்குத்தான் புதிதாகக் கண்டுபிடித்ததாக எழுதி வைத்திருக்கிறது.

ஒன்று ஃபிக்ரி. ஒன்று சஃப்வத். எது எது?

என்னுடைய இருபது வருஷத் தொழிலே அதுதான். எந்தக் கருவி எது என்று சொல்வது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

"ரெண்டுல ஒண்ணுதான தம்பி," இன்ஷிராஹ் கிசுகிசுத்தார். "பிஸ்மில்லா சொல்லி அமுக்கு."

மேலே இருந்ததை அமுக்கினேன்.

நாற்காலியில் சஃப்வத் அசையவில்லை.

வெளியே, மாடிப்படித் திருப்பத்தில், யாரோ சிரித்தார்கள்.

அறுந்த இடத்திலிருந்து தொடர்ந்த சிரிப்பு. எனக்குத் தெரிந்த சிரிப்பு.

"...லு! டேய் லபீப், என்னடா, ஏன் இருட்டா இருக்கு? கரண்ட் போச்சா?"

இன்ஷிராஹ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் அவரையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். படி காலியாக இருந்தது. தூசியும் ஒரு காலி சிகரெட் பெட்டியும்தான். அந்தக் காலி இடத்திலிருந்து, உட்கார்ந்திருக்கும் மனிதனின் வாய் இருக்க வேண்டிய உயரத்திலிருந்து, குரல் வந்தது.

"எங்கடா இருக்க? மக்ரிப் ஆச்சா? நாக்கு வறண்டு போச்சுடா."

"சஃப்வத்," என்றேன்.

"குரல் வருது, ஆளக் காணோம். கைய நீட்டு."

நீட்டினேன். எதுவும் தட்டுப்படவில்லை. மறுபடி பின்னறைக்கு ஓடினேன். நாற்காலியில் அவன் உடம்பு இருந்தது, படியில் அவன் குரல் இருந்தது. மிச்சமிருந்தது ஒரு வரி. அதையும் ஓடவிட்டால் இரண்டும் சேர்ந்துவிடும் என்று என் புத்தி சொன்னது. அமுக்கினேன்.

சஃப்வத்தின் மார்பு ஏறி இறங்கியது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் வாய் திறந்தது. வந்தது தணிந்த, பொறுமையான, வயதான ஒரு குரல்.

"—ஆம்னு அமுக்கிடாதீங்க."

இன்ஷிராஹ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்பு படியில் ஆரம்பித்த வாக்கியம் அது. சொல்லி முடித்துவிட்டு அந்த மனிதர் சுற்றிலும் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். சஃப்வத்தின் தடித்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க யாரு? நான் படில எறங்கிட்டிருந்தேனே," என்றார். பிறகு மூக்கைச் சுளித்து, "ஏன் எனக்கு மண்ணு வாடை அடிக்குது?" என்று கேட்டார்.

படியிலிருந்து சஃப்வத் பாட ஆரம்பித்தான். இருட்டில் பயமாக இருந்தால் அவன் பாடுவான்.

அன்றிரவு நான் செய்யாததில்லை. இரண்டையும் நிறுத்தினேன், ஓடவிட்டேன், வரிசையை மாற்றினேன். அந்தச் சின்ன பேட்டரியை வாங்கி வந்து போட்டேன். மேஜைப் பேட்டரியை மாட்டி, அதை வைத்தே மூன்று முறை அணைத்து எழுப்பினேன். அணைத்தபோதெல்லாம் நானும் நின்றேன், இன்ஷிராஹும் நின்றார். மறுபடி சுவிட்சைப் போட்டு எழுப்ப, கட்டடத்துக் காவல்காரரைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் படியில், அந்த மனிதர் நாற்காலியில். வரியையே அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அழித்தது திரும்ப வராவிட்டால்? மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

நான்காம் நாள் மதாம் இன்ஷிராஹ் ஓய்வு பெற்றார். யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் அவர் போக முடியும். அடையாளம் தெரியாத கருவி, நான்கு. நான் போட்டேன். அந்தக் கம்ப்யூட்டரை வேறொருத்தன் கையில் விட்டுவிட்டு நான் எங்கே தூங்குவது? கடையை மூடிவிட்டு அந்த ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டிக்கு இப்போது மூன்று பேட்டரிகள், ஒரு ஜெனரேட்டர். இன்ஷிராஹ் டமியட்டாவில் மகள் வீட்டில் இருக்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் போன் பண்ணுவார். வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், "ஓடுதா?" என்று கேட்பார்.

ஃபிக்ரி நல்ல மனிதர். அவரை என்ன குறை சொல்ல? படியில் இருந்த சஃப்வத்தின் வரியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, அவரைச் சஃப்வத்தாகச் சனா வீட்டுக்கு அனுப்பினேன். சனாவிடம் நாங்கள், தலையில் அடிபட்டதில் பழசெல்லாம் மறந்துவிட்டது என்று சொன்னோம். அவள் அழுதாள், பிறகு பழகிக்கொண்டாள். "வாயே தொறக்க மாட்டேங்கறாரு அண்ணே, சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு," என்றாள் ஒரு தடவை. தூக்கத்திலாவது பேசுகிறாரா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள்.

சஃப்வத் படியிலேயே இருக்கிறான். மதியம் மூன்று மணிக்குமேல் ஆபீஸ் அடங்கியதும் ஆரம்பிப்பான். அவனுக்கு நாள் ஓடியது தெரியாது. "கரண்ட் இன்னும் வரலயா? மக்ரிப் ஆச்சா?" என்பான். "இப்ப ஆயிடும்டா, பொறு," என்பேன். பதினோரு வருஷமாக அவன் நோன்பு திறக்கவில்லை. ஒரு நாள் நான் ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் படியில் வைத்தேன். மறுநாள் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அவன் அந்தத் திருப்பத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. அதுவரைக்கும் நிம்மதி என்று இருந்தேன்.

நேற்று சனா, அந்த இரவுக்குப் பிறகு முதல் தடவையாக ஃபிக்ரியை என்னிடம் அனுப்பியிருந்தாள். படியேறி வந்தார். சஃப்வத்தின் உடம்பு இப்போது இளைத்துவிட்டது, முடி நரைத்துவிட்டது. உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். வெளியே பாட்டு நடுவில் நின்றது.

"லபீப்." குரலில் சிரிப்பு இல்லை. நான் அவனை அப்படிக் கேட்டதே இல்லை. "இப்ப என்னத் தாண்டிப் போனது யாரு?"

எதிரே ஃபிக்ரி கைகளை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"அவன் கால் வைக்கறது என் கால் மாதிரி இருக்குடா. மூச்சு வாங்கறது என் மூச்சு மாதிரி இருக்கு. லபீப், எத்தன நாளாச்சு?"

படியில் மரம் முனகியது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் எழுந்து நின்றான். ஒரு படி ஏறினான். இன்னொரு படி.

நான் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அதன் மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். அந்தப் பக்கம் ஒரு கை மெதுவாகத் தட்டியது. தட்டலில் கோபம் இல்லை, அவசரம் இல்லை. கடைக்கு லேட்டாக வரும் நாளில் தட்டுவானே, அதே மூன்று தட்டு.

இன்றும் காலையிலிருந்து தட்டுகிறான். நான் இன்னும் திறக்கவில்லை.